பேரனின் நண்பனையும் கேளுங்கள்: வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கும் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும் வாய்மொழி வரலாறு சேகரிக்கும் குழுக்களுக்கும் வணக்கம்.

உங்கள் பதிவுப் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மறைந்த ஒரு பெரியவரைப் பற்றிப் பேச வருகிறவர் அதில் மகன், மகள், பேரன், பேத்தி என்று எதையாவது நிரப்பியாக வேண்டும். 'அவர் பேரனோடு விளையாடப் போன பையன்' என்று நிரப்ப வழியில்லை. கட்டம் சின்னதுதான். ஆனால் கதைசொல்லித் தாத்தாக்கள் விஷயத்தில் நல்ல சரக்கு பலவும் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பேச்சைப் பதிவு செய்வதும் அதை எழுத்தாக்குவதுமே எங்கள் வேலை. பேரனின் நண்பர்களையும் பேத்தியின் தோழிகளையும் சாட்சிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படிச் சேர்ப்பது, எங்கே சறுக்கும் என்பதையும் எழுதியிருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நண்பன்? பேரனுக்குத் தாத்தா ஒரு கதைசொல்லி அல்ல, வீட்டில் எப்போதும் இருக்கிற ஆள். ஒரே கதையைப் பலமுறை கேட்டவன் அவன்; பாதியிலேயே "இது தெரியும் தாத்தா" என்று எழுந்து போவான். தாத்தாவும் பேரனிடம் சொல்லும்போது ஆட்களை அறிமுகம் செய்வதில்லை. 'பெரியவன்', 'அந்தப் பழைய வீடு', 'நம்ம ஆளு' என்றாலே பேரனுக்குப் புரிந்துவிடும். வெளியிலிருந்து ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் குறுக்குவழி எதுவும் செல்லாது. பெரியவன் யார், பழைய வீடு எந்தப் பக்கம், நம்ம ஆளு என்ன தொழில் செய்தார் என்று முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். ஐம்பது வருடம் கழித்து உங்கள் காப்பகத்தில் அந்தக் கதையைக் கேட்கப்போகிறவருக்கும் இதே விளக்கங்கள்தான் தேவை. குடும்பத்தார் சொல்லும் கதையில் அவை இருக்காது. நண்பன் சொல்லும் கதையில் அவை கதையோடு ஒட்டியே வரும்.

இன்னொன்று, புது ஆள் வந்தால் கதையின் நீளமே மாறும். 1933 முதல் 1935 வரை ஆய்வாளர் மில்மன் பாரியும் அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவில் கதைப்பாடகர்களைப் பதிவு செய்தார்கள். பாடகர் தன் கதையை வரிக்கு வரி மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார் என்பது அங்கே தெரிந்தது. கேட்பவர்கள் நிலைகொண்டு உட்கார்ந்தால் கதை விரியும், நெளிய ஆரம்பித்தால் சுருங்கும். அவ்தோ மெஜதோவிச் என்ற பாடகரிடமிருந்து 13,000 வரிக்கு மேற்பட்ட ஒரே கதை கிடைத்தது. பாரி சும்மா இருந்து கேட்டதால் மட்டும் அது கிடைக்கவில்லை. அலுமினியத் தட்டு ஒன்றில் சில நிமிடம்தான் பதிவாகும் என்பதால் இரண்டு தட்டுச்சுழலிகளை மாற்றி மாற்றி ஓட விடும் கருவியை அவர் தனியாகச் செய்வித்திருந்தார். தட்டு மாற்றுவதற்காகப் பாடகர் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. தாத்தாக்களும் இதே ஜாதிதான். கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தே கதை. ஆகவே பேரன் கேட்டது ஒரு வடிவம், நண்பன் கேட்டது இன்னொரு வடிவம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

மூன்றாவது காரணம், குடும்பத்து நினைவு மெருகேறிய நினைவு. ஒவ்வொரு கூடுகையிலும் அதே நாலு சம்பவங்களைச் சொல்லிச் சொல்லி, முரண்பாடுகள் தேய்ந்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வடிவம் மிஞ்சும். அண்ணன் தம்பி மனத்தாங்கலும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். நண்பனுக்கு அந்தக் கூடுகையில் இடமில்லை. அவன் நினைவு கரடுமுரடாக, ஆனால் கை படாமல் இருக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். நண்பன் தாத்தாவை மாலை நேரத்தில், திண்ணையிலோ முற்றத்திலோ, அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது மட்டுமே பார்த்தவன். அப்பாவாக, கணவராக அவர் எப்படி இருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் கடுமையாக நடந்துகொண்ட ஒருவர் தெருப்பிள்ளைகளுக்குத் தங்கமானவராக இருந்திருக்கலாம். நண்பனின் பாசத்தைக் கொண்டு மகளின் கசப்பைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கோப்பு.

பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால் வேலை சுலபம். பதிவுக்குப் பேரனை மட்டும் அழைக்காமல் பேரனின் பழைய நண்பன் ஒருவனையும் எதிரில் உட்காரவையுங்கள். 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் திட்டம் இந்த வழியில்தான் போனது: ஒருவரையொருவர் அறிந்த இரண்டு பேர், ஒரு சிறு அறை, 40 நிமிடம், பக்கத்தில் கருவியைக் கவனிக்க மட்டும் ஒருவர். கேள்வி கேட்பவர் அந்நியராக இருந்தால் பெரியவர் 'பேட்டி' கொடுக்க ஆரம்பித்துவிடுவார். குரல் உயரும், சொற்கள் மேடைச் சொற்களாகும். சின்ன வயதில் காலடியில் உட்கார்ந்திருந்தவன் கேட்டால் பழைய நடை தானாக வரும்.

இங்கே ஒரு தொழில் சிக்கல் உண்டு. பேட்டி எடுப்பவர்களுக்கு எல்லா இடத்திலும் சொல்லித்தருவது, 'வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டு' என்பது. பதிவு சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் நம் கதைசொல்லிகள் 'ம்' கொட்டுவதை நம்பி ஓடுகிறவர்கள். ம் நின்றால், பிள்ளை தூங்கிவிட்டது என்று அவர்களும் நிறுத்திவிடுவார்கள். தலையாட்டலைப் பார்க்கக் கண் சரியாக இல்லாதவருக்கு இன்னும் மோசம். ஆகவே ம் கொட்ட ஒருவரை நியமியுங்கள், ஒருவரை மட்டும். அவர் ஒலிவாங்கியின் பின்பக்கத்தில், இரண்டு மீட்டர் தள்ளி உட்காரட்டும். அந்த ம் பதிவில் மெல்லியதாக விழும், கதைசொல்லியின் சொல்லை மூடாது. கதை எங்கே வேகமெடுத்தது என்பதை எழுத்தாக்கும்போது அந்த ம்-களை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

வயதானவருக்குக் காது மங்கும்போது முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். கத்திப் பேசினால் தெளிவு கூடாது, அதட்டுவது போல்தான் கேட்கும். கேள்வி கேட்பவர் தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசினால் போதும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வாயசைவு இருட்டில் போய்விடும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். அதற்கு மேல் வருவது களைப்பு, கதை அல்ல.

பெரும்பாலும் உங்களிடம் வருவது பெரியவர் போன பிறகுதான். அப்போது நண்பனின் நினைவே மூலம். இங்குதான் முறை முக்கியம், முறை தவறினால் கிடைப்பது கற்பனை.

முதல் விதி: நண்பர்களைக் கூட்டமாக உட்காரவைத்துத் தொடங்காதீர்கள். நாலு பேரும் ஒன்றாக இருந்தால் கலகலப்பாக இருக்கும், பதிவும் அருமையாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒருவர் சொன்ன விவரம் அடுத்தவர் தலையில் தன் நினைவாகவே குடியேறிவிடும். இன்னொரு நஷ்டமும் உண்டு. நாலு பேர் கூடி நினைவுகூர்ந்தால் கிடைப்பது, அதே நாலு பேரும் தனித்தனியே சொன்னதைத் தொகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம் இது. ஒருவர் பேசும்போது மற்றவரின் நினைவுத் தொடர் அறுந்துபோவதே காரணம் என்கிறார்கள். எனவே முதலில் தனித்தனி. எல்லோருடைய பதிவும் முடிந்து, கோப்புகளைப் பூட்டிய பிறகு, வேண்டுமானால் ஒரு கூட்டப் பதிவு. அதைத் தனி எண் போட்டு வையுங்கள், முதல் பதிவுகளோடு கலக்காதீர்கள்.

கேள்விகளில் இன்னும் கவனம் தேவை. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனையை நினைவில் வையுங்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு பிரிவினரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு பிரிவினரிடம் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பிரிவின் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள். இரண்டாம் பிரிவின் 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒற்றை வினைச்சொல்லுக்கே ஒரு வாரத்தில் இவ்வளவு வேலை என்றால், முப்பது வருடப் பழைய தாத்தாவைப் பற்றி "அவர் போர்க்காலக் கதைகள் எல்லாம் சொல்வாரா?" என்று கேட்டால் என்ன ஆகும்? போர்க்காலக் கதைகள் பிறந்துவிடும். "என்னென்ன சொல்வார்?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு அது தேடும் நேரம்.

"அவர் எப்படிப்பட்ட மனிதர்?" என்பது உதவாத கேள்வி. "ரொம்ப நல்லவர், தமாஷா பேசுவார்" என்று ஒரு வரி வரும், கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் அனுபவத்தில் கதவைத் திறப்பது ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும். அந்த வீட்டின் தரைப்படத்தை வரையச் சொல்லுங்கள். வாசல், படி, ஜன்னல், அவர் உட்காரும் இடம், பிள்ளைகள் உட்காரும் இடம். வரைந்துகொண்டே பேசவிடுங்கள். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும். நாற்காலியைப் போட்டதும் நாற்காலியின் உடைந்த கை வரும். கையைச் சொன்னதும், கதையின் உச்சக்கட்டத்தில் அந்தக் கையை அவர் தட்டும் சத்தம் வரும். சத்தத்தோடு கதை வரும். இடத்தை முதலில் மனதில் கட்டிவிட்டுச் சம்பவத்துக்குப் போகும் இந்த வழி, சாட்சிகளை விசாரிக்க உளவியலாளர்கள் ஃபிஷரும் கைசல்மனும் 1980-களில் வகுத்த முறையின் ஒரு பகுதி.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பேசுபவர் தாளைத் தொட்டு "இங்கே உட்காருவார், நாங்க இங்கே" என்பார். ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. எழுத்தாக்கும்போது எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் அப்போதே "வாசலுக்கு இடப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே என்கிறீர்கள்" என்று சொல்லில் போட்டுவிடுங்கள். தாளில் அந்த இடத்துக்கு 1, 2 என்று எண் கொடுங்கள். முடிந்ததும் தாளின் பின்பக்கம் பதிவு எண்ணையும் தேதியையும் எழுதி, புகைப்படம் எடுத்து ஒரே உறையில் வையுங்கள்.

75 நிமிடப் பதிவு ஒன்றை நாங்கள் பிரிக்கும் விதம் இது. முதல் பத்து நிமிடம் தடையில்லாப் பேச்சு. அடுத்த இருபது நிமிடம் தரைப்படம். பிறகு, நன்றாக நினைவிருக்கும் ஒரே ஒரு கதையை முழுக்கச் சொல்லச் சொல்லுதல். எத்தனை கதை தெரியும் என்று பட்டியல் கேட்பதைவிட ஒன்றை ஆழமாகக் கேட்பது மேல். ஒரு கதை முழுதாக வந்தால் மற்றவற்றின் தலைப்புகள் தாமாக வந்து விழும், அவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கேளுங்கள்: "அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்ட முடியுமா?"

இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். பெரியவர்களைப் போலப் பேசிக்காட்டி முதுகுக்குப் பின்னால் சிரிக்காத பிள்ளைகள் உண்டா? பேரனுக்கு வீட்டில் அடி விழும்; நண்பனுக்கு அந்தப் பயம் குறைவு, பயிற்சி அதிகம். அந்தப் பாவனையில் தாத்தாவின் தொடக்கச் சொல், இழுப்பு, இடையில் கனைப்பது, பயமுறுத்தும் இடத்தில் குரலைத் தாழ்த்துவது எல்லாம் பத்திரமாக இருக்கும். சாதாரணமாகக் கதையைச் சொல்லும்போது வராத சொற்கள் பாவனையில் வரும். பெரிய மனிதராகிவிட்டவருக்கு வெட்கமாக இருக்கும் என்பதால்தான் கடைசியில் கேட்கச் சொல்கிறோம். ஒருமுறை செய்துகாட்டினால் போதும். 'இன்னொரு தரம்' கேட்டால் கிடைப்பது நடிப்பு.

காலத்தைக் கணக்கிடும்போது 'எந்த வருடம்?' என்று கேட்டால் தோராயம்தான் வரும். எந்த வகுப்பில் படித்தீர்கள், யார் ஆசிரியர், தம்பி பிறந்துவிட்டானா, வீட்டுக்கு மின்சாரமோ தொலைக்காட்சியோ வந்துவிட்டதா என்று கேளுங்கள். 1970-இல் பிறந்தவர் நாலாம் வகுப்பு என்றால் 1979-ஐ ஒட்டி என்று போடலாம். மூன்று வயதுக்கு முந்திய நினைவு என்று யாராவது உறுதியாகச் சொன்னால், வீட்டார் பின்னால் சொன்னதையோ புகைப்படத்தையோ நினைவென்று எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் கேட்டவர்களே உங்களுக்கு நல்ல சாட்சி. ஆனால் அவர்களிடம் தாத்தாவின் வயதை மட்டும் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஐம்பதும் எண்பதும் ஒன்று.

தாத்தா தன் இளமையைப் பற்றிச் சொன்ன கதைகளுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. முதுமையில் மனிதர்கள் அதிகம் நினைவுகூர்வது தங்கள் பத்திலிருந்து முப்பது வயது வரையான காலத்தை என்று நினைவு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்டு தெரியாத ஒரு கதை கிடைத்தால், முதலில் அந்த இருபது வருடத்துக்குள் அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடங்களில் தேடுங்கள்.

அடுத்து, அளப்பு. ஒரே குண்டில் ஏழெட்டுப் பறவையும் ஒரு மீனும் ஒரு முயலும் விழுந்த கதையைத் தாத்தா தனக்கே நடந்ததாகச் சொல்லியிருப்பார். "இது பொய்" என்று அந்தப் பகுதியை வெட்டிவிடும் தொகுப்பாளர்கள் உண்டு. தயவுசெய்து வெட்டாதீர்கள். உலகக் கதை வகைகளுக்கு ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கி, ஸ்டித் தாம்சன் 1928-லும் 1961-லும் விரித்து, ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-இல் புதுக்கிய அட்டவணையில் இந்த அதிர்ஷ்டக் குண்டுக்கே 1890 என்று ஓர் எண் இருக்கிறது. அதில் 1889 என்ற எண்ணில் தொடங்கி 1920-ஐ ஒட்டிய எண்கள் வரை அளப்புக் கதைகளும் பொய்ப் போட்டிகளும்தான். இந்தக் கதைகளைத் தன்மையில், 'நான் போனேன், நான் சுட்டேன்' என்று சொல்வதே மரபு. தாத்தா பொய் சொல்லவில்லை, ஒரு பழைய வித்தையைச் செய்தார். கோப்பில் வகை எண்ணைப் போட்டு, 'தன் அனுபவமாகச் சொன்னது' என்று குறித்தால் முடிந்தது வேலை. அட்டவணையில் தேடும் பொறுமை இல்லாதவர்கள் 'அளப்பு' என்று மட்டும் எழுதி வைத்தாலும் பின்னால் வருபவர் தேடிக்கொள்வார்.

தவறாகச் சொல்லப்படும் வரலாற்றுக்கும் இதே மரியாதை தேவை. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி 1949-இல், நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தின்போது காவல்துறையால் கொல்லப்பட்டார். ஆனால் ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களைக் கேட்டபோது, பலரும் அந்தச் சாவை 1953-இல் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். போர்த்தெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. எந்தப் போராட்டம் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது என்பதை அந்தப் பிழைதான் காட்டியது என்று எழுதினார். தாத்தா ஆண்டை மாற்றிச் சொன்னதை நண்பன் அப்படியே சொன்னால், பேச்சில் திருத்தாதீர்கள், எழுத்திலும் திருத்தாதீர்கள். சரியான ஆண்டை அடிக்குறிப்பில் போடுங்கள்.

இரண்டு நண்பர்களின் பதிவை ஒப்பிடும்போது கதையின் போக்கு ஒத்துப்போவதைப் பெரிய சான்றாக எடுக்காதீர்கள். போக்கு எல்லோரும் பின்னால் பேசிப் பகிர்ந்தது. கதைக்குத் தேவையே இல்லாத ஒரு விவரம், உதாரணமாகக் கதையில் வரும் குதிரைக்கு ஒரு காது கிழிந்திருந்தது என்பது, சந்தித்துக்கொள்ளாத இருவரிடமும் இருந்தால் அது தாத்தா வாயிலிருந்தே வந்தது என்று ஓரளவு நம்பலாம்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும். 75 நிமிடத்துக்கு 650 எம்பி. எம்பி3 கேட்பதற்கு மட்டும், பாதுகாக்க அல்ல. பேசுபவரின் வாயிலிருந்து ஒலிவாங்கி 20 முதல் 30 சென்டிமீட்டர், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். கதைசொல்லிகள் கையை வீசுகிறவர்கள், மார்பைத் தட்டுகிறவர்கள். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி அவர்களுக்கு ஆகாது, துணி உரசும் சத்தமே மிஞ்சும். மேசையில் வைத்தால் கீழே மடித்த துண்டு ஒன்று. கைபேசியில் பதிவதாக இருந்தால் விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். சேமிப்பிடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

தானியங்கி ஒலியளவையும் இரைச்சல் நீக்கியையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கதைசொல்லியை, அல்லது அவரைப் போலச் சொல்லிக்காட்டுபவரைப் பதிவு செய்யும்போது இவை இரண்டும்தான் பெரிய எதிரி. கதையின் பயங்கரமான இடத்தில் குரல் கிசுகிசுப்பாகும். இரைச்சல் நீக்கி அந்தக் கிசுகிசுப்பைக் காற்றிரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அடுத்த நொடி அவர் "ஹா!" என்று கத்துவார், கிசுகிசுப்புக்காக ஏற்றிவைத்திருந்த தானியங்கி ஒலியளவு அந்தக் கத்தலை உடைத்துவிடும். கையால் அளவை வைத்தால், சாதாரணப் பேச்சின் உச்சம் கருவியின் அளவுகாட்டியில் மைனஸ் 18 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். கத்தலுக்கு அதற்கு மேல் போதிய இடம் இருக்கும். கிசுகிசுப்பைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், 24 பிட்டில் அதற்கு இடமுண்டு. மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஓடும் அறையைத் தவிர்க்க முடியாவிட்டால், யாரும் பேசாத 30 விநாடி அறைச்சத்தத்தைத் தனியாகப் பதிந்து வையுங்கள், பின்னால் சுத்தம் செய்ய உதவும். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயரைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் உள்ளே சொன்னது மாறாது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். செய்திச் செயலியில் கோப்பை அனுப்பிவிட்டு 'பிரதி இருக்கிறது' என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும்.

எழுத்தாக்கம். ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பழகிய கைக்கே நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். வட்டார வழக்கு அடர்த்தியாக இருந்தால் இன்னும் கூடும். இந்தச் சலிப்பில்தான் கதை சாகிறது. "போறான், போறான், போறான், போய்க்கிட்டே இருக்கான்" என்று நண்பன் சொன்னதை "நீண்ட தூரம் சென்றான்" என்று தட்டச்சுக்காரர் சுருக்கிவிடுவார். அந்த மூன்று 'போறான்'தான் பிள்ளைகளுக்குத் தூரத்தைக் காட்டியது. தானியங்கி எழுத்தாக்கிகளும் இதே வேலையைச் செய்கின்றன: திரும்ப வரும் சொற்களை நீக்குகின்றன, 'வந்துச்சு' என்பதை 'வந்தது' ஆக்குகின்றன, 'சளக் சளக்' போன்ற ஒலிக்குறிப்புகளைத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிடுகின்றன. முதல் வரைவுக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள், பிறகு ஒலியைக் கேட்டபடி ஒரு மனிதர் வரி வரியாகத் திருத்தியே ஆகவேண்டும். குறிப்பாக 'வந்துச்சு', 'வந்துச்சாம்' இரண்டையும் கலக்காதீர்கள். நண்பன் தானே கண்டதையும் தாத்தா சொல்லிக் கேட்டதையும் பிரித்துக் காட்டுவது அந்த ஈறுதான். சிரிப்பு, கைத்தட்டல், நீண்ட மௌனம் ஆகியவை சதுர அடைப்புக்குள் போகட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி.

ஒப்புதல். நண்பனின் நினைவு நண்பனுக்குச் சொந்தம். ஆனால் அதில் வரும் வீடு இன்னொருவருடையது. பதிவுக்கு முன்பே குடும்பத்துக்குத் தகவல் சொல்லுங்கள், முடிந்ததும் ஒரு பிரதி கொடுங்கள். அவர்களுக்கு மாற்றுக்கருத்து இருந்தால் அதையும் பதிந்து பக்கத்தில் வையுங்கள். நண்பன் சொன்னதை அழிக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உயிரோடு இருப்பவரைப் பாதிக்கும் பகுதி மட்டும், ஒப்புக்கொண்ட ஆண்டு வரை மூடியிருக்கட்டும். கையெழுத்தை இரண்டு முறை வாங்குங்கள்: பதிவுக்கு முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் முன்னால் போட்ட கையெழுத்து முழு ஒப்புதல் ஆகாது. எழுத்துப் பிரதியை வாசித்துப் பார்க்க இரண்டு வாரம் கொடுங்கள்.

இனி அந்தப் படிவம். 'உறவுமுறை' கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கேள்விகளைப் போடுங்கள். அவர் கதை சொல்லக் கேட்டபோது உங்களுக்கு என்ன வயது? எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? உங்களோடு வேறு யார் யார் கேட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பெயர்கள்தான் உங்கள் அடுத்த சாட்சிகள்.

ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் குடும்பப் பதிவுகளைத் திரும்பக் கேட்க ஆள் இல்லை என்பீர்கள். முழுக்கக் கேட்க வேண்டாம். எழுத்துப் பிரதிகளில் 'பக்கத்து வீட்டு', 'கூடப் படிச்ச', 'சேக்காளி', 'ஃப்ரெண்டு' ஆகிய சொற்களைத் தேடுங்கள். வரும் பெயர்களைப் பட்டியலிட்டு, வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கித் தொடர்புகொள்ளுங்கள். தொலைபேசியில் கதையைக் கேட்டுவிடாதீர்கள், முதல்முறை சொல்லும்போதுதான் அது முழுதாக வரும். நாளும் நேரமும் மட்டும் வாங்கிக்கொண்டு, தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
வாய்மொழிப் பதிவும் எழுத்தாக்கமும் செய்பவர்கள்